கம்பக்குழிக்குக் கீழே

ஊத்துக்காட்டுப் புதூர்,
பெருமாநல்லூர் வழி.
12.5.2025

மைதிலிக்கு,

உன் அண்ணி, நீ நங்கை என்று கூப்பிடுகிற கலைமகள் எழுதுவது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. பிழை இருந்தால் திருத்திக்கொள், நீ படித்தவள்.

போன் பண்ணியிருக்கலாம். லைன் வீட்டில் ஒரு வீட்டில் பேசினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். முதலில் உன் அண்ணனுக்குக் கேட்கும். உன்னிடம் நான் எதுவும் கேட்கக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அடித்தது இடது கை. அதனால் அது செல்லாது என்று வைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் உன் கையில் இருப்பது கம்பெனி கொடுத்த போன்.

வெள்ளிக்கிழமை அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டோம். வலது கை மணிக்கட்டுக்கு மேலே எடுத்தது எடுத்ததுதான். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. போகப் போக மடங்கலாம் என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கம்பெனியில் துணி வெட்டுகிற தன் கட்டிங் கத்திரியை எடுத்து அலமாரிக்கு மேலே வைக்கச் சொன்னார். "இங்க கெடந்தா தரணி கைய வெட்டிக்குவா" என்றார். நம் தரணிக்கு ஒன்பது வயதாகிறது. அதை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. கோயில் கம்பத்துக்குக் குழி எடுத்ததற்கு உன் அண்ணன் மேல் வழக்காம். கரண்ட் அடித்துக் கை போனவர் மேல்! பேரூராட்சித் தீர்மானத்தை மீறி, அனுமதி வாங்காமல் ரோட்டைத் தோண்டி, பூமிக்கடியில் போட்ட மின்சாரக் கேபிளைச் சேதப்படுத்தினாராம். அன்றைக்கு நம் வீதியில் நிட்டிங் மிஷின் எல்லாம் நின்றுபோனதற்கும் அவர்தான் காரணமாம். புகார் கொடுத்தது உன் கம்பெனி.

அந்தத் தீர்மானம் வந்தபோது நாமும் சந்தோஷப்பட்டோம். கம்பி எல்லாம் மண்ணுக்கடியில் போகிறது, இனித் துணி லோடு ஏற்றிய லாரி கம்பியை இழுத்துக்கொண்டு போகாது, மழைக்கு அறுந்து விழாது என்று பேசினோம். எங்கள் வீட்டுப் பெண்ணே அதில் இன்ஜினியர் என்று எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நம் வீதியில் வானம் நன்றாகத் தெரிகிறது. அண்ணாந்து பார்க்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மடியில் விழுந்து நீ என்ன சொல்லி அழுதாய்? "இடுப்பளவு ஆழத்துல போடவேண்டிய கேபிளுங்க, நங்கை. பாறை வந்ததும் முழங்கால் அளவுகூடத் தோண்டாம போட்டு மூடிட்டாங்க. அடியில கேபிள் இருக்குதுன்னு தெரிய மேல சிவப்பு ஓடு வெக்கோணும், அதையும் வெக்கலை. நான் பார்த்தனுங்க" என்றாய். அடுத்த வாரமே உன்னை ஓசூருக்கு மாற்றினார்கள். நீயும் போய்விட்டாய். இப்போது அண்ணனிடம் போனில், சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்கிறாய். சாப்பிட்டேன், தூங்கினேன் என்கிறார் அவர். இரண்டும் பொய்.

அடுத்த மாதம் மின் ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறாராம். என் மடியில் சொன்னதை அவர் முன்னால் வந்து சொல். வேறெதுவும் கேட்கவில்லை.

கலைமகள்


மகளிர் விடுதி, ஓசூர்.
21.5.2025

அன்புள்ள நங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். போனில் கேட்டிருந்தால் நான் "ம்" என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டேன். நேரில் வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். காகிதத்தில் கொஞ்சம் வரும். எழுதிப் பார்க்கிறேன்.

கேபிள் போகிற வழிக்குக் கோடு போட வந்த அன்றைக்கே நான் சைட் இன்ஜினியர் வேல்குமார் சாரிடம் சொன்னேன். கோயில் முன்னால் அந்த இடம் திருவிழா தவிர மற்ற நாளெல்லாம் வெறும் தரை. வெளியூரிலிருந்து வந்த சர்வேயருக்கு அது ரோடு. அப்பா காலத்திலிருந்து நம் வீட்டு ஆண்கள் குழி எடுக்கிற இடம் என்று எனக்குத்தானே தெரியும்?

"சார், மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டு முடிஞ்சா இங்கதான் குழியெடுத்துக் கம்பம் நடுவாங்க. மூணு கிளை இருக்கற மரம் சார், ஊரே சுத்தி ஆடும், அதனால குழி ஆழமாப் போகும். கேபிளை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிப் போடலாங்களா?"

"கம்பத்தையெல்லாம் புடுங்கறதுக்குத்தானேம்மா நாம வந்திருக்கோம்" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நங்கை. எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு பாறை வந்தது. உடைக்க பிரேக்கர் வேண்டும் என்றார்கள். அது பல்லடத்தில் வேறு வேலையில் நின்றது. பிரேக்கர் வரும்வரை காத்திருக்க முடியாது என்று மேலாகவே கேபிளை ஓட்டி மூடினார்கள். "இது ஆழம் போதாதே சார்" என்றேன். "தோண்டவே கூடாதுன்னு தீர்மானம் இருக்கு. அப்புறம் எவ்வளவு ஆழத்துல இருந்தா என்ன?" என்றார். அது எனக்கு அப்போது ஒரு பதிலாகத் தெரிந்தது.

கம்பம் நடுவதற்கு முந்தின நாள் ராத்திரி, சோறு தின்னும்போது அண்ணன் கேட்டார். நீங்கள் ரசம் எடுக்கப் போயிருந்தீர்கள். "குழி எடுக்கலாமா அம்மிணி? கரண்ட்டு இருக்குதா?" காலையில் சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். "அந்தப் பகுதிக்கு இன்னும் கரண்ட் ஏத்தலை. திருவிழா முடிஞ்சுதான்" என்றார். மதியம் அண்ணனுக்குப் போன் பண்ணி அதையே சொன்னேன். சாயங்காலம் சோதனை பார்ப்பதற்கென்று அதே லைனில் கரண்ட் ஏற்றியிருக்கிறார்கள். நான் அடுத்த வீதியில், வீடுகளுக்குக் கரண்ட் பிரிக்கிற பில்லர் பாக்ஸ் மாட்டுகிற இடத்தில் நின்றேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடும் வெறுங்காலோடும்தான் குழியில் இறங்க வேண்டும். அதுதானே முறை? தினமும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். காய்ந்த வேட்டியாக இருந்திருந்தால், காலில் செருப்பு இருந்திருந்தால் என்று.

வர மாட்டேன் என்று சொல்லவில்லை. என் அசல் சான்றிதழ்கள் எல்லாம் கம்பெனியிடம் இருக்கின்றன. வேலையில் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் மார்க் ஷீட்டை அண்ணன் ஆசையாக லேமினேட் பண்ணி எடுத்து வந்ததும், அசலை லேமினேட் பண்ணக் கூடாது என்று நான் கத்தியதும் நினைவிருக்கிறதா? அப்படி ஒரு விதி இருப்பது நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மார்க் ஷீட்தான் இப்போது அவர்களுடைய அலமாரியில் இருக்கிறது. செப்டம்பரில் பயிற்சிக் காலம் முடிந்தால் தருவார்கள். அதுவரை பொறுக்க முடியுமா?

நடந்ததையெல்லாம் பெயர் போடாமல் ஒரு மனுவாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஆய்வாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

அண்ணனுக்கு மீன் செய்தால் முள் எடுத்துக் கொடுங்கள்.

உங்கள்
மைதிலி


ஊத்துக்காட்டுப் புதூர்.
4.6.2025

மைதிலி,

உன் மனுவைப் படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது. கிழித்துக் குப்பை முறத்தில் போட்டுவிட்டேன். பெயர் இல்லாதவள் சொல்வதை யார் கேட்பார்கள்? கை போனவருக்கு இங்கே பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வழக்கு எண்கூட இருக்கிறது.

மீன் முள் எடுக்க எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஓசூரிலிருந்து கடிதம் வேண்டாம்.

உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் எழுத வந்த ஏட்டு, "அடியில கேபிள் போகுதுன்னு தெரிஞ்சும் ஏனுங்க தோண்டுனீங்க?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். உன் அண்ணன், "கேபிள் போறதே எனக்குத் தெரியாதுங்க" என்றார். "ஊட்டுல யாருக்காச்சும் தெரியுமா?" என்றார் அவர். "இல்லீங்க" என்றார் இவர். கையில் கட்டு, முகத்தில் பாதிக்கு மருந்து, அப்படியிருந்தும் உன் பெயர் வரவில்லை. கரண்ட் இல்லை என்று கம்பெனிப் பெண்ணே சொன்னதால்தான் தோண்டினேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்த வழக்கு நிற்காது என்கிறார் வக்கீல். சொல்லுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். "நாம படிக்க வெச்சது அம்மிணியைப் புடிச்சுக் குடுக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது, கோயில் தர்மகர்த்தா வெள்ளையன். பேரூராட்சியில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உன் அண்ணன் சொன்னபோது இதே ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "ஆத்தாளுக்குக் கம்பம் நடறதுக்கு ஆபீசு வாசல்ல போயி நிக்கோணுமாடா? உனக்குப் பயமா இருந்தாச் சொல்லு, முறையை உங்க பங்காளிக்கு மாத்திக் குடுத்தர்றேன்." அதைக் கேட்ட பிறகு எந்த ஆம்பளை தோண்டாமல் இருப்பான்? போன வாரம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். ஸ்டேஷனில் அவர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று கேட்டேன்.

"நாங்க யாரும் தோண்டச் சொல்லலைன்னு குடுத்தனுங்க. கோயிலுக்குக் கேஸ் வந்தறக் கூடாது பாருங்கோ."

"மனுசனுக்கு வரலாமுங்களா?"

"ஆத்தா பார்த்துக்குவா."

"ஆத்தா பார்த்துக்கிட்டுத்தானுங்க இருந்தா, அன்னைக்கும்."

காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். உன் அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, கோயிலைப் பழித்துவிட்டேனாம்.

திருவிழா நிற்கவில்லை, அதையும் தெரிந்துகொள். நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தார் டிரம்மில் மணலைக் கொட்டி அதில் கம்பத்தை நட்டு, சுற்றிலும் ஆடியிருக்கிறார்கள். டிரம்மில் நடலாம் என்றால் அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

விசாரணை ஜூன் 24, செவ்வாய்க்கிழமை, கோயில் முன்னாலேயே. செப்டம்பர் வரை அவரால் பொறுக்க முடியும். என்னால் முடியாது.

கலைமகள்


ஓசூர்.
14.6.2025

நங்கை,

வருகிறேன். உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருக்கிறேன். 24ஆம் தேதி காலையில் அங்கே இருப்பேன். அண்ணனிடம் சொல்லாதீர்கள், சொன்னால் வர விடமாட்டார்.

என்னிடம் போட்டோ எதுவும் இல்லை. எடுத்ததெல்லாம் கம்பெனி போனில்தான், மாற்றல் வந்த அன்றே அதை வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தார்கள். ஆனால் தோண்டிக் காட்டினால் போதும். கேபிள் அங்கேதானே இருக்கும்?

மைதிலி


ஊத்துக்காட்டுப் புதூர்.
26.6.2025

மைதிலி,

நீ வரவில்லை.

உனக்காக என்று நான் எதையும் சமைத்து வைக்கவில்லை. ஆனால் தரணியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பஸ் ஸ்டாப்பில் நிற்க வைத்தேன். அத்தை வரும், பார்த்துக் கூட்டி வா என்று சொல்லியிருந்தேன். மதியம்வரை நின்றுவிட்டு, முகமெல்லாம் வெயிலில் சிவந்து திரும்பி வந்தாள்.

கேபிள் அங்கேதானே இருக்கும் என்று கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை ஜே.சி.பி. வந்தது. பல்லடத்தில் நின்ற பிரேக்கரும் வந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பாறையை உடைத்தார்கள். லைன் வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. அடுப்படியில் டம்ளர் உருண்டது. உன் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் எழவேயில்லை. "பராமரிப்பு வேலைங்க" என்றான் அங்கே நின்றவன். கேபிளை ஆழத்தில் இறக்கி, மணல் போட்டு, சிவப்பு ஓட்டை வரிசையாக அடுக்கி மூடினார்கள். அவ்வளவு நேர்த்தியான வேலையை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார். தோண்டிப் பார்த்தார்கள். ஒருவன் உள்ளே இறங்கி நின்றான், இடுப்புக்கு வந்தது. வேல்குமார் பக்கத்தில் நின்று, "தீர்மானத்துல சொன்ன ஆழம்தான் சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்ததை நான் சொன்னேன். "நீங்க கரண்ட்டு வேலை தெரிஞ்சவங்களாம்மா?" என்று கேட்டார் ஆய்வாளர். இல்லீங்க, பனியன் கம்பெனியில் செக்கிங் என்றேன். சரிம்மா என்றார். வீதியில் நின்ற யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கெல்லாம் இப்போது தற்காலிக லைன்தான், பில்லர் பாக்ஸிலிருந்து நிரந்தர லைனைக் கம்பெனிதான் இழுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நீ அங்கே நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், படித்த பெண், வேலை செய்த பெண் என்று எழுதிக்கொண்டிருப்பார்.

இனி எழுதாதே.


ஓசூர்.
9.7.2025

நங்கை,

எழுதாதே என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன்.

நான் வந்தேன். தரணி நின்ற ஸ்டாப்பில் இறங்கவில்லை. அதற்கு முந்தின ஸ்டாப்பில், நூல் குடோன் பக்கம் இறங்கி நடந்து வந்தேன். கோயிலுக்கு எதிரே பேக்கரியில் போய் நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. நீங்கள் நீலச் சேலை கட்டியிருந்தீர்கள். அண்ணன் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை போட்டு, வலது பக்கத்தை மடித்து ஊக்குக் குத்தியிருந்தீர்கள். ஈ உட்கார்ந்தபோது அந்தக் கையைத்தான் முதலில் தூக்கினார். பிறகு நினைவு வந்து இடது கையால் விரட்டினார்.

ரோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். வேல்குமார் சார் என் பக்கம் திரும்பினார். பார்த்தாரா இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கல்லூரியில் செமினார் எடுக்க எழுந்து நின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டேன் என்று சொல்லியிருக்கிறேனே, அதேபோல் பேக்கரிக்குள் தள்ளி நின்றுகொண்டேன். பேக்கரிக்காரர், "என்ன கண்ணு வேணும்?" என்று கேட்டார். ஒரு தேங்காய் பன் வாங்கினேன். பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன்.

நீங்கள் ஆய்வாளரிடம் பேசியது எனக்குக் கேட்டது. எனக்குத் தெரிந்ததையெல்லாம், தெரியாத நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம், திட்டவாவது எழுதுங்கள்.

மைதிலி


ஓசூர்.
18.8.2025

அன்புள்ள நங்கைக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வராது என்று தெரியும்.

போன திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். மின் ஆய்வாளருக்கும் நம் ஸ்டேஷனுக்கும் பதிவுத் தபாலில். பெயர், படிப்பு, வேலை, அப்பா பெயர், எல்லாம் போட்டு. பாறை வந்த இடம், கேபிள் கிடந்த ஆழம், ஓடு வைக்காதது, ஞாயிற்றுக்கிழமை தோண்டி இறக்கியது, எதையும் விடவில்லை. கரண்ட் ஏற்றவில்லை என்று வேல்குமார் சார் என்னிடம் சொன்னார், நான் என் அண்ணனிடம் சொன்னேன், என் வார்த்தையை நம்பித்தான் அவர் குழியில் இறங்கினார் என்றும் எழுதினேன். அந்த வரியையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

அதன் நகல் கம்பெனிக்குப் போகும் முன் நானே போய் வேலையை விடுகிறேன் என்று சொன்னேன். சான்றிதழ்களைத் தர மாட்டார்களாம், ஒப்பந்தத்தை மீறிவிட்டேனாம். மேனேஜர், "யோசிச்சுப் பாரும்மா, உங்க வீட்லயே நீதான் முதல் பட்டதாரி" என்றார். "போனது என்னைப் படிக்க வெச்ச கைதான் சார்" என்றேன். நான்தான் சொன்னேன், நங்கை. சத்தமாகவே சொன்னேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

சான்றிதழுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் உங்கள் கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்த்துவிடுங்கள், டேபிளில் உங்களுக்கு எதிரே நிற்கிறேன். விடுதியில் இந்த மாதம்வரை இருக்கலாம். 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். இந்தத் தடவை தரணி நிற்கிற ஸ்டாப்பிலேயே இறங்குவேன். வேலையை விட்டதை அண்ணனிடம் நானே நேரில் சொல்கிறேன். நாம் மூவரும் சேர்ந்து வக்கீலைப் பார்ப்போம்.

உங்கள்
மைதிலி


ஊத்துக்காட்டுப் புதூர்.
25.8.2025

மைதிலி கண்ணு,

உன் கடிதம் வந்தது. அதற்கு முன்பே நீ எழுதிக் கொடுத்தது வந்துவிட்டது.

வியாழக்கிழமை ஆய்வாளர் ஆபீசிலிருந்து ஒருவர் இரண்டு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வந்தார். "அருள்செல்வனுங்களா? உங்க தங்கச்சி, கேபிள் மேலாகவே கெடந்துச்சுன்னு எழுதியிருக்குது. நீங்க கையெழுத்துப் போட்டதுல சரியான ஆழத்துல இருந்துச்சுன்னு இருக்குது. எதுங்க நெசம்?" என்றார்.

ஆமாம். உன் அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார். உனக்கு நான் சொல்லவில்லை. நீ வராத கோபத்தில் இருந்தேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வேல்குமார் வந்தார். மிரட்டவெல்லாம் இல்லை. கொண்டு வந்த வாழைப்பழத்தை அவரே உரித்து உன் அண்ணன் கையில் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, "கேஸ் கோர்ட்டுக்குப் போனா கரண்ட் இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னதுன்னு கேப்பாங்க. போன் ரெக்கார்டு எடுப்பாங்க. உங்க தங்கச்சி நம்பர்தான் வரும். சின்னப் பொண்ணு, இப்பத்தான் வேலைக்கே வந்துச்சு. வீணா அது பேரும் கெட்டுரும்" என்றார். கேபிள் விதிப்படி சரியான ஆழத்தில் இருந்தது, யாரையும் கேட்காமல் அறியாமையால் தோண்டிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றும் தருவார்களாம்.

உன் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அம்மிணி வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"ஒண்ணும் ஆகாது" என்றார்.

போடாதீர்கள் என்று நான் கத்தினேன். லைன் வீட்டில் எல்லோரும் கதவைத் திறந்து பார்த்தார்கள். கையெழுத்து என்று நான் சொன்னாலும் அது கையெழுத்து இல்லை, இடது பெருவிரல் ரேகை. துணியில் சாக்பீஸால் அத்தனை அழகாகக் கோடு போடுகிறவர். மை ஒட்டிய விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நீட்டிக்கொண்டே இருந்தார். நான் துடைக்கவில்லை. தரணி வந்து துடைத்தாள்.

இப்போது இன்னொரு வீதியில் கேபிள் போடுகிறார்கள். மஞ்சள் கோட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து பள்ளத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது கடப்பாரையோடு வந்தால், "இங்க தோண்டக் கூடாதுங்க" என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. ஒரு நாள் வெள்ளையன் அந்த வழியாகப் போனார். "என்னடா அருளு, கம்பெனிக்காரனாவே ஆயிட்டே?" என்றாராம். உன் அண்ணன், "ஆமாங்க" என்றாராம்.

அந்த ஆபீஸ்காரருக்கு உன் அண்ணன் என்ன பதில் சொன்னார் என்று கேட்பாய். நீ எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். வந்தவர் முழுக்கப் படித்தார். நான் அடுப்படி நிலைப்படியில் நின்று கேட்டேன். நான் கேட்டபடியே, ஒரு சொல் குறையாமல் எழுதியிருக்கிறாய். கண்ணு, உன்மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே விட்டுப்போயிற்று. இப்போதாவது ஆமாம் என்று சொல்வார், இப்போதாவது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ற தங்கச்சி அந்த வீதியில வேலையே பார்க்கலீங்க, சாமி. எம்மேல இருக்கற பாசத்துல என்னமோ எழுதிப்போட்டுருச்சு. சின்னப் புள்ளை. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கீழே உன் அண்ணனை விரல் வைக்கச் சொன்னார். வைத்தார்.

அவர் போன பிறகு உன் அண்ணன் என்னைப் பார்த்து, "நல்லவேளை, நான் சமாளிச்சுட்டேன். இல்லீன்னா இந்நேரம் அம்மிணி வேலை போயிருக்கும்" என்றார். வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தார். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

உன் கடிதம் மறுநாள்தான் வந்தது. நீ வேலையை விட்டதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? இன்று காலை மஞ்சள் கோட்டை மாட்டிவிடும்போது, "அம்மிணி வேலையெல்லாம் நல்லபடியா இருக்குதாமா?" என்று கேட்டார். இருக்குதுங்க என்றேன்.

31ஆம் தேதி வருவதானால் லீவில் வந்திருப்பதாகச் சொல்.

கலைமகள்